சிவப்பு ஐசி, பச்சை ஐசி, ஐசியே இல்லை: மலேசியாவில் குடியுரிமை கேட்டுப் போகும் முன்

மலேசியாவில் பிறந்து, தோட்டத்தில் பால்மரம் சீவி, பேரன் பேத்தி எடுத்த பிறகும் சிவப்பு ஐசியோடு (நிரந்தரவாசி அடையாள அட்டை; குடிமக்களுடையது நீலம்) இருக்கும் தமிழர்கள் இன்னும் இருக்கிறார்கள். அதுகூட இல்லாதவர்களும் உண்டு. ஓட்டுப் போட முடியாது, அரசு உதவித்தொகை கிடையாது, அரசாங்க வேலைக்கு மனுப் போட முடியாது. பிள்ளைக்கு இடைநிலைப்பள்ளி வரும் வயதில்தான் பலருக்கு இது உறைக்கிறது.

பின்னணியைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1957 ஆகஸ்ட் 31-இல் மலாயா சுதந்திரம் அடைந்தபோது, குடியுரிமைக்கு மனுச் செய்ய வேண்டும் என்று தோட்டத்து ஆட்கள் பலருக்கு எடுத்துச் சொல்ல ஆளில்லை. 1969 மே கலவரத்தை ஒட்டி, குடியுரிமை இல்லாதவர்களுக்கு வேலை பெர்மிட் கட்டாயம் ஆனபோதுதான் சிவப்பு ஐசியின் அர்த்தம் புரிந்தது. ஆயிரக்கணக்கானவர்கள் கப்பலேறி இந்தியாவுக்குப் போனார்கள். மிச்சம் இருப்பவர்கள் எத்தனை பேர் என்பது இன்றுவரை அரசியல் சண்டை. எதிர்க்கட்சியாக இருக்கும்போது 3 லட்சம் என்பார்கள், அரசாங்கத்தில் இருப்பவர்கள் சில ஆயிரம்தான் என்பார்கள். 2011-இல், தாளில்லாதவர்களைப் பதிய மைடஃப்தார் என்று இயக்கம் நடத்தினார்கள். 2018-இல், 60 வயதைத் தாண்டிய சிவப்பு ஐசிக்காரர்கள் 3,407 பேருக்குக் குடியுரிமை என்று அன்றைய பிரதமர் மகாதீர் அறிவித்தார். தேர்தல் வந்தால் கூடாரம் போட்டு போரம் (மனுப் படிவம்) கொடுப்பார்கள். முடிந்ததும் கூடாரத்தைப் பிரித்துவிடுவார்கள். சரி, அது இருக்கட்டும்.

முதலில் செய்ய வேண்டியது, வீட்டில் இருக்கும் பிறப்புப் பத்திரத்தை எடுத்துப் படிப்பது. புதிய பத்திரங்களில் பிள்ளையின் குடியுரிமை நிலை அச்சிட்டிருக்கும். ‘வார்கநெகாரா’ (குடிமகன்) என்று இருந்தால் கவலையில்லை. ‘புக்கான் வார்கநெகாரா’ (குடிமகன் அல்ல) என்றோ, இன்னும் முடிவாகவில்லை என்றோ இருந்தால் அன்றைக்கே வேலையைத் தொடங்குங்கள். பத்திரம் கையில் இருப்பதாலேயே குடியுரிமை இருப்பதாக நினைத்துக்கொண்டு அலமாரியில் வைத்துவிடுகிறார்கள். 12 வயதில் மைகாட் (அடையாள அட்டை) எடுக்க அழைத்துப் போனால், தேசியப் பதிவிலாகா கவுண்டரில் பத்திரத்தைத் திருப்பி நீட்டுகிறார்கள். அந்தப் பன்னிரண்டு வருடமும் வீண்.

கேட்டு வாங்கும் நிலையிலா இருக்கிறீர்கள், ஏற்கெனவே குடிமகனா?

இந்தக் கேள்விக்குப் பதில் தெரியாமல் எந்த போரத்திலும் கையெழுத்துப் போடாதீர்கள். மலேசிய அரசியலமைப்பின் 14-ஆவது பிரிவின் நிபந்தனைக்குப் பொருந்துகிற ஒருவர் பிறக்கும்போதே குடிமகன் ஆகிவிடுகிறார். யாரும் மனசு வைத்துத் தர வேண்டியதில்லை, பதிவு மட்டும் செய்தால் போதும். 15A (பிள்ளைகளுக்கு), 19 (பெரியவர்களுக்கு) ஆகிய பிரிவுகள் வேறு ரகம். அவற்றில் உள்துறை அமைச்சு விரும்பினால் தரலாம், விரும்பாவிட்டால் மறுக்கலாம். மறுத்தால் நீதிமன்றத்தில் அப்பீல் கிடையாது என்று அரசியலமைப்பின் இரண்டாம் அட்டவணையிலேயே எழுதிவைத்திருக்கிறார்கள். 14-ஐ வைத்துக் கேட்டால் நீதிமன்றக் கதவு திறந்திருக்கிறது. 2021 நவம்பரில், பெற்றோர் யாரென்று தெரியாத ஒரு தத்துப்பிள்ளையைச் சட்டப்படி குடிமகன் என்று நாட்டின் உச்ச நீதிமன்றமான கூட்டரசு நீதிமன்றம் அறிவித்தது இந்த வழியில்தான்.

கவுண்டரில் நடப்பதோ தலைகீழ். உங்கள் கதையை முழுதாகக் கேட்காமலே 15A போரத்தையோ 19 போரத்தையோ எடுத்து நீட்டுவார்கள். அவர்களுக்கு அது சுலபம், ஏனென்றால் முடிவெடுக்கும் பொறுப்பு புத்ராஜெயாவில் இருக்கும் அமைச்சுக்குப் போய்விடுகிறது.

நான் அடிக்கடி பார்க்கும் கேஸ்களைச் சொல்கிறேன். மெர்டேக்கா (சுதந்திர) நாளிலிருந்து 1962 செப்டம்பர் முடியும்வரை மலாயாவில் பிறந்தவர் எவரானாலும், பெற்றோர் யாராக இருந்தாலும், ஏறக்குறைய விதிவிலக்கில்லாமல் சட்டப்படி குடிமகன். இன்று அறுபது வயதைத் தாண்டிய இவர்களில் சிலர் கையில் சிவப்பு ஐசி இருக்கிறது. பிறந்த இடத்தையும் தேதியையும் நிரூபித்தால் போதும் என்ற நிலையில், இவர்களைப் போய் மொழித் தேர்வுக்கு உட்கார வைக்கிறார்கள்.

மெர்டேக்காவுக்கு முன்பு இங்கே பிறந்த முதியவர்களுக்கு 16-ஆவது பிரிவு இருக்கிறது. கடைசி ஏழு வருடத்தில் ஐந்து வருடம் இங்கே இருந்திருக்க வேண்டும், ஓரளவு மலாய் தெரிந்திருக்க வேண்டும், நன்னடத்தை வேண்டும். இவை இருந்தால் பதிவு பெற ‘உரிமை உண்டு’ என்றே சட்டம் சொல்கிறது. 19-இல் பன்னிரண்டு வருடத்தில் பத்து வருட வாசம், மேலும் நல்ல மலாய், அதற்கும் மேல் அமைச்சின் தயவு. இங்கே பிறந்த பாட்டிக்கு 19 போரத்தை நீட்டினால், ‘ஏன் 16 இல்லை?’ என்று கேளுங்கள். இந்த வயது முதியவர்களில், வெளிநாட்டில் பிறந்து வந்தவருக்குத்தான் 19.

1962 அக்டோபரிலும் அதற்குப் பிறகும் பிறந்தவர்களுக்கு, பிறந்த அன்று பெற்றோரில் ஒருவராவது குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்திருக்க வேண்டும். அதாவது அப்பாவிடம் சிவப்பு ஐசி இருந்து, திருமணமும் முறையாகப் பதிவாகியிருந்தால் பிள்ளை குடிமகன். இது தெரியாமல் பிள்ளைக்கும் சிவப்பு ஐசி கேட்டு அலைந்த குடும்பங்கள் உண்டு. 2024 அக்டோபரில் நாடாளுமன்ற மக்களவையில் நிறைவேறிய திருத்தம் இந்த வழியை அடைக்கிறது: அது அமலுக்கு வந்தபின் பிறக்கும் பிள்ளைக்குப் பெற்றோர் நிரந்தரவாசியாக இருப்பது மட்டும் போதாது. அதற்கு முன்பு பிறந்தவரிடம் அந்தத் திருத்தத்தைக் காட்டி யாராவது கையை விரித்தால் ஒத்துக்கொள்ளாதீர்கள்.

குடியுரிமை உண்டா இல்லையா என்று சந்தேகம் இருந்தால், உண்டு என்று உறுதிப்படுத்திச் சான்று கேட்க 30-ஆவது பிரிவு இருக்கிறது. இதைக் கவுண்டரில் அவர்களாக எடுத்துச் சொல்ல மாட்டார்கள். நீங்கள்தான் வாயைத் திறந்து கேட்க வேண்டும்.

கோயிலில் கட்டிய தாலி

அதிகம் பேரைக் கவிழ்த்த குழி இதுதான். 1982 மார்ச் 1-லிருந்து முஸ்லிம் அல்லாதவர்களின் திருமணம் பதிவு செய்தால்தான் செல்லும். கோயிலில் மேளம் அடித்து, ஐந்நூறு பேருக்குச் சாப்பாடு போட்டாலும் பதிவில்லை என்றால் சட்டத்தின் கண்ணில் அது திருமணமே இல்லை. அப்படிப் பிறந்த பிள்ளை சட்டப்படி தாய் வழிதான்: அம்மா குடிமகளாக இருந்தால் தப்பித்தது, அம்மாவிடம் ஐசி இல்லை என்றால் பிள்ளைக்கும் இல்லை. அப்பா நீல ஐசிக்காரர், அப்பா பெயர் பத்திரத்திலேயே இருக்கிறது, முகம் அப்படியே அப்பாவை உரித்து வைத்திருக்கிறது. எதுவும் எடுபடாது.

அப்புறம் பதிந்தால் சரியாகிவிடாதா என்று கேட்பார்கள். ஆகாது. பிறந்த நேரத்து நிலைமையைத்தான் பார்ப்போம் என்பதே பதிவிலாகாவின் நிலை. வெளிநாட்டுத் தாய்க்கு வெளிநாட்டில் பிறந்து, பெற்றோர் பின்னால் திருமணத்தைப் பதிந்த ஒரு பிள்ளையின் வழக்கில், 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றமும் 4-க்கு 3 என்ற கணக்கில் இல்லையென்று சொல்லிவிட்டது. ஆனாலும் பதிந்துவிடுங்கள். 15A மனுவுக்கு அது உதவும், அடுத்த பிள்ளையாவது தப்பும்.

இதில் சுற்று எப்படிப் போகிறது பாருங்கள். அம்மாவுக்கு ஐசி இல்லை, அதனால் திருமணத்தைப் பதிய முடியவில்லை. பதியாததால் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை. அந்தப் பிள்ளை பெண்ணாக இருந்தால், அவளுக்குப் பிறக்கும் பிள்ளைக்கும் அதே கதை. ஆகவே வீட்டில் எத்தனை பேருக்கு ஐசி இல்லை என்றாலும், முதலில் அம்மாவின் தாளைச் சரிசெய்யுங்கள். பிள்ளைக்குப் பள்ளி அவசரம் என்று அவனைத் தூக்கிக்கொண்டு ஓடினால் கவுண்டரில் முதல் கேள்வியே ‘அம்மா ஐசி எங்கே?’ என்பதாகத்தான் இருக்கும்.

தாமதப் பதிவு

பிறந்து 60 நாளுக்குள் பதியவில்லை என்றால் தாமதப் பதிவு. அதன்பிறகு நீங்கள் சொல்வதை அவர்கள் நம்ப வேண்டியதில்லை, நீங்கள்தான் நிரூபிக்க வேண்டும். ஆஸ்பத்திரிப் பதிவு, கிளினிக் அட்டை, தடுப்பூசிப் புத்தகம், தமிழ்ப்பள்ளி வருகைப் பதிவு, பழைய குடும்பப் படம் என்று எது கிடைத்தாலும் சேருங்கள். வீட்டுப் பிரசவம் என்றால் அப்போது கூட இருந்தவரைத் தேடிப் பிடித்து அக்குவான் சும்பா (சத்தியப் பிரமாணம்) வாங்குங்கள். அவருக்கு வயதாகிக்கொண்டே போகிறது என்பதை நினைவில் வையுங்கள். தோட்டத்துக் கிராணி (குமாஸ்தா) எழுதிய பேரேடு இருக்கும் என்று சிலர் நம்பிக்கொண்டிருக்கிறார்கள். தோட்டம் கைமாறி, பாதி தாமானாகிவிட்ட (குடியிருப்பாகிவிட்ட) இடத்தில் பேரேட்டை யார் வைத்திருக்கப் போகிறார்கள்?

பெயர் எழுத்தை உட்கார்ந்து ஒப்பிட்டுப் பாருங்கள். அம்மாவின் ஐசியில் முனியம்மா, மூத்த பிள்ளையின் பத்திரத்தில் மினியாமா, இளையவனுடையதில் முனிமா. கேட்டதைக் கேட்டபடி எழுதிய குமாஸ்தா எப்போதோ ஓய்வுபெற்றுப் போயிருப்பார், அலைவது நீங்கள். மூன்றும் ஒரே ஆள்தான் என்று சத்தியப் பிரமாண ஆணையர் முன்னால் எழுதி, முதல் நாளே கொண்டு போங்கள். ‘பெயர் ஒத்துவரவில்லை, சரிசெய்து வாருங்கள்’ என்ற ஒரே வரிக்காக மனு மாதக்கணக்கில் தூங்குவதை நான் பார்த்திருக்கிறேன்.

பச்சை ஐசியை வாங்கிக்கொண்டு பாதிக் கிணறு தாண்டிவிட்டதாக நினைக்காதீர்கள். அது தற்காலிகவாசி என்ற அடையாளம் மட்டுமே, ஐந்து வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்க வேண்டும். ஐசியே இல்லாமல் போலீஸ் சோதனையில் மாட்டுவதைவிட மேல், அவ்வளவுதான். ‘முதலில் பச்சை, அப்புறம் சிவப்பு, அப்புறம் நீலம்’ என்று படி ஏறுவதுபோல் யாராவது கணக்குச் சொன்னால், அப்படி ஒரு ஏணி சட்டத்தில் இல்லை.

15A, 19 என்று போவதென்றால்

வேறு வழியில்லை என்று உறுதியான பிறகு இதற்கு வாருங்கள். 15A பிள்ளைகளுக்கானது. வயது வரம்பு 21 ஆக இருந்தது, 2024 திருத்தம் அதை 18 ஆக்குகிறது. ‘இன்னும் வயது இருக்கிறதே’ என்று தள்ளிப்போடாமல் 18-க்கு முன்பே போட்டுவிடுங்கள். மறுத்தால் மறுபடி போடலாம், ஆனால் மறுபடி போட வயது மிச்சம் இருக்க வேண்டும். மறுப்புக் கடிதத்தில் பெரும்பாலும் காரணம் இருக்காது, ‘வருந்துகிறோம்’ என்பது மட்டும் இருக்கும். அடுத்த முறை அதே தாள்களை அப்படியே திருப்பிக் கொடுக்காமல் புதிதாக ஏதாவது சேருங்கள்: பள்ளி ரிப்போர்ட், தலைமையாசிரியர் கடிதம், தத்தெடுத்த பிள்ளை என்றால் நீதிமன்றத் தத்து உத்தரவு. தத்தெடுத்ததால் மட்டும் குடியுரிமை வந்துவிடாது என்பதையும் தெரிந்துகொள்ளுங்கள்.

19-இல் பெரியவர்களைச் சறுக்க வைப்பது மொழித் தேர்வு. பசாரில் மீன்காரனிடம் மலாயில் அடித்துப் பேரம் பேசுகிற பாட்டி, சீருடை போட்ட அதிகாரி முன்னால் உட்கார்ந்ததும் தமிழில் பதில் சொல்லத் தொடங்கிவிடுவார். பெயர், முகவரி, எத்தனை பிள்ளைகள், யார் யாருக்கு என்ன வேலை, தீபாவளிக்கு என்ன செய்தீர்கள் என்று தினமும் வீட்டில் மலாயில் கேட்டுப் பழக்குங்கள். பேரப்பிள்ளைகள் செய்ய வேண்டிய வேலை இது. காது மந்தம், பக்கவாதம் என்று ஏதாவது இருந்தால் அரசு மருத்துவரிடம் கடிதம் வாங்கி மனுவோடு வையுங்கள். நேர்காணல் நாளில் போய் வாயால் சொன்னால் எழுதிக்கொள்ள மாட்டார்கள்.

ஏஜென்டுகளைப் பற்றி நீட்டி எழுதினால் எனக்குக் கோபம்தான் வரும். ‘உள்ளே ஆள் இருக்கிறது, சில ஆயிரம் வெள்ளி (ரிங்கிட்) கொடுத்தால் நீல ஐசி’ என்பவன் தருவது ஒன்று போலி, இல்லை செத்துப்போன யாருடையதோ. மாட்டினால் சிறைக்குப் போவது நீங்கள்: மூன்று வருடம் வரை சிறை, 20,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும். அதற்கப்புறம் நேர் வழியில் மனுப் போட்டாலும் நன்னடத்தைக் கேள்வியில் அடிபடும்.

கவுண்டரில் வாய்வார்த்தையாக ‘முடியாது’ என்றால் எழுந்து வந்துவிடாதீர்கள். எந்தப் பிரிவின்படி முடியாது என்று எழுதித் தரச் சொல்லிப் பணிவாகக் கேளுங்கள். தர மறுத்தால் அதிகாரியின் பெயர், தேதி, நேரத்தைக் குறித்துக்கொண்டு மேலதிகாரியிடம் போங்கள். எழுதிக் கேட்டவுடன் ‘முடியாது’ என்பது ‘இன்னும் ஒரு தாள் கொண்டு வாருங்கள்’ என்று மாறிவிடும், அது முன்னேற்றம்தான். அசல் தாளைக் காட்டுங்கள், நகலைக் கொடுங்கள். தனியாகப் போவதைவிட இந்த வேலையில் பழகியவர் ஒருவரோடு போவது நல்லது. நாடற்றவர்களின் மனுக்களைப் பல வருடமாகக் கையாண்டுவரும் டிஎச்ஆர்ஆர்ஏ மலேசியா போன்ற அமைப்புகள் உண்டு. வழக்கு என்ற நிலை வந்தால் வழக்கறிஞர் மன்றத்தின் சட்ட உதவி மையத்தைக் கேளுங்கள்.

மனுவைக் கொடுத்துவிட்டு ரசீது இல்லாமல் வீடு திரும்பாதீர்கள். வீடு மாறினால் அந்த ரசீதோடு போய் முகவரியையும் மாற்றுங்கள். முடிவுக் கடிதம் மனுவில் இருக்கும் முகவரிக்குத்தான் போகும், அது உடைத்துப்போட்ட தோட்ட லயமாக இருந்தாலும்.