லாகின் ஆகிறது, ஆனால் கோப்புப் பட்டியல் வரவில்லை

சர்வர் இருக்கும் வீட்டுக்குள்ளேயே சோதித்தால், கோப்புகளை அனுப்பவும் பெறவும் உதவும் நெறிமுறையான எஃப்டிபி நன்றாக ஓடுகிறது. வெளியூரிலிருந்து நுழைந்தால் பெயரையும் பாஸ்வேர்டையும் ஏற்றுக்கொள்கிறது. கோப்புப் பட்டியல் மட்டும் வராமல் அப்படியே நிற்கிறது. இந்த இடத்தில் பலர் பாஸ்வேர்டை மாற்றிப் பார்ப்பார்கள். அது வீண் வேலை. லாகின் ஆகிவிட்டது என்றாலே பாஸ்வேர்டு சரி, எஃப்டிபி இணைப்புக்கான வாசல் எண்ணான 21ஆம் போர்ட்டும் திறந்திருக்கிறது. கோளாறு அதற்கு அடுத்த படியில் இருக்கிறது.

எஃப்டிபி ஒரே இணைப்பில் வேலையை முடிப்பதில்லை. 21ஆம் போர்ட்டில் கட்டளைகளும் அவற்றுக்கான பதில்களும் மட்டும்தான் போகும். பட்டியலோ கோப்போ வர வேண்டுமானால் ஒவ்வொரு முறையும் தனி இணைப்பு வேண்டும். இன்றைய மென்பொருள்கள் பெரும்பாலும் பயன்படுத்தும் பாசிவ் முறையில், எங்கே வந்து இணைய வேண்டும் என்பதைச் சர்வர்தான் சொல்லும். 227 என்று தொடங்கும் அந்தப் பதிலில் ஆறு எண்கள் இருக்கும். முதல் நான்கும் ஐபி முகவரி. கடைசி இரண்டிலிருந்து போர்ட் கிடைக்கும்: 195, 80 என்று வந்தால் 195ஐ 256ஆல் பெருக்கி 80ஐக் கூட்ட வேண்டும், அதாவது 50000.

சிக்கல் அந்த முதல் நான்கு எண்களில். ரவுட்டருக்குப் பின்னால் இருக்கும் சர்வருக்குத் தெரிந்தது 192.168.1.10 போன்ற உள் முகவரி மட்டுமே. வீட்டுக்கு வெளியே பயன்படாத அதையே வெளியாளுக்கும் சொல்லிவிடுகிறது. அனுப்பும் தகவலை ஒரு கடிதமாக நினைத்தால், ரவுட்டர் கடித உறையின் மேல் உள்ள முகவரியை மாற்றும். உள்ளே எழுதியிருப்பதை வழக்கமாகத் தொடாது. சில ரவுட்டர்கள் எஃப்டிபி உரையாடலைப் படித்துத் திருத்தவும் செய்யும், ஆனால் டிஎல்எஸ் குறியாக்கம் போட்டுவிட்டால் அவற்றாலும் படிக்க முடியாது. எஃப்டிபியின் முதல் வடிவத்தை அபய் பூஷண் எழுதியது 1971இல். முகவரி மாற்றும் இந்த ரவுட்டர் உத்தியை விவரிக்கும் ஆவணம் வந்தது 1994இல்தான். பிறகு வந்த ஏற்பாட்டை முன்பே வந்த நெறிமுறை எப்படி எதிர்பார்த்திருக்கும்?

சரி, என்ன செய்வது? சர்வர் அமைப்பில் வெளி ஐபி முகவரியைக் கொடுங்கள். பாசிவ் போர்ட்டுகளை 50000 முதல் 50100 வரை என்று ஓர் எல்லைக்குள் கட்டுங்கள். அதே எல்லையை ரவுட்டரில் சர்வருக்கு ஃபார்வர்ட் செய்து, ஃபயர்வாலிலும் திறந்துவிடுங்கள். அப்புறம் மொபைல் டேட்டாவில் சோதியுங்கள். பல ரவுட்டர்கள் உள்ளிருந்து தங்கள் வெளி முகவரிக்கே திரும்பி வர விடுவதில்லை என்பதால், வீட்டு வைஃபையில் செய்யும் சோதனையை நம்ப முடியாது.

லாகினே ஆகவில்லை என்றால் பிழைச் செய்தியைக் கவனியுங்கள். 530 வந்தால் கணக்கிலோ பாஸ்வேர்டிலோ தவறு. இணைப்பு உடனே மறுக்கப்பட்டால், பெரும்பாலும் அந்தப் போர்ட்டில் எந்தச் சர்வரும் காத்திருக்கவில்லை. பதிலே இல்லாமல் நேரம் கடந்தால் வழியில் எங்கோ தடை. அப்போது ரவுட்டரின் வெளி முகவரியையும் பாருங்கள். அது 100.64 முதல் 100.127 வரைக்குள் தொடங்கினால், இணைய நிறுவனமே ஒரு பொது முகவரியைப் பலருக்குப் பங்கிட்டுக் கொடுக்கிறது. உங்கள் ரவுட்டரில் எந்தப் போர்ட்டைத் திறந்தாலும் வெளியிலிருந்து யாரும் வந்து சேர முடியாது. பொது ஐபி கேட்டு வாங்க வேண்டும்.

புதிதாக அமைப்பவர்களுக்கு, கோப்புகளை அனுப்பும் வேறொரு நெறிமுறையான எஸ்எஃப்டிபியைத்தான் நான் சொல்வேன். அதில் லாகினும் கோப்பும் 22ஆம் போர்ட் ஒன்றிலேயே குறியாக்கத்துடன் போகின்றன; ரவுட்டரில் ஒரே ஒரு போர்ட்டைத் திறந்தால் போதும்.