மெயின் பொயின்ட்டில் இறங்குமுன் விழப் பழகுங்கள்

இலங்கையின் கிழக்குக் கரையிலுள்ள அறுகம்பேயில் சீசன் காலத்தில் அலைச்சறுக்குப் பயிற்சி கொடுப்பதுதான் என் தொழில். மட்டக்களப்பு, கொழும்பு என்று பல இடங்களிலிருந்து வரும் நம் பிள்ளைகள், சின்ன அலை வரும் பேபி பொயின்ட்டில் போர்டின் மேல் எழுந்து நிற்கப் பழகியதுமே, பெரிய அலை உடையும் மெயின் பொயின்ட்டுக்குக் கூட்டிப் போகச் சொல்லிக் கேட்பார்கள். அவர்களிடம் நான் முதலில் கேட்பது ஒன்றுதான்: விழத் தெரியுமா?

இந்து சமுத்திரத்தின் தெற்கே வெகுதூரத்தில் அடிக்கும் புயல்களில் பிறக்கும் அலைகள், ஏறக்குறைய மே முதல் ஒக்டோபர் வரை இங்கே வந்து சேர்கின்றன. மெயின் பொயின்ட்டில் அவை குடாவின் தெற்கு முனையைச் சுற்றி வளைந்து, ஆழம் குறைந்த இடத்தில் உடையத் தொடங்கி, கரையோரமாக வடக்கு நோக்கி உடைந்துகொண்டே போகும். மணல் கடற்கரையில் அலை அங்கும் இங்குமாக உடையும். இங்கே ஏறக்குறைய ஒரே இடத்தில் உடைவதால் அத்தனை பேரும் அங்கேதான் காத்திருப்பார்கள். அடியில் பாறையும் முருகைக்கல்லும். பெரிய அலை எழும்போது முன்னால் இருக்கும் தண்ணீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நேரம் பார்த்து விழுந்தால் ஆழம் இன்னும் குறைவு.

அதனால் தலைகீழாகப் பாயவே கூடாது. காலை ஊன்றித் தரை தேடவும் கூடாது. கைகால்களை விரித்து, தண்ணீரின் மேல்மட்டத்திலேயே தட்டையாக விழுங்கள். உள்ளே போனதும் இரண்டு கைகளாலும் தலையைப் பொத்திக்கொள்ளுங்கள். மேலே வரும்போதும் கை முன்னால் வரட்டும். இந்த விளையாட்டில் வரும் காயங்களில் பெரும்பங்கு சொந்தப் போர்டால்தான். காலையும் போர்டையும் இணைக்கும் கயிறான லீஷ் இழுபட்டு போர்ட் திரும்பி வரும், அதன் அடியில் துருத்தி நிற்கும் ஃபின் சதையைக் கிழித்துவிடும்.

அடுத்தது மற்றவர்கள். அலை உடையும் முனைக்கு மிகக் கிட்ட இருப்பவருக்குத்தான் அந்த அலை சொந்தம். அவர் எழுந்துவிட்டால் நீங்கள் விட்டுவிட வேண்டும். வெளியே போகும்போது, அலை ஓடும் பாதைக்குள் நுழையாமல் சுற்றிப் போங்கள். நடுவில் மாட்டிக்கொண்டால், உடையாமல் இருக்கும் பக்கம் ஓடத்தான் மனசு சொல்லும். ஆனால் எதிரே வருபவர் போக வேண்டிய வழி அது. நுரைப் பக்கம் திரும்பிக் கைபோடுங்கள். நுரை உங்களைப் புரட்டும், பரவாயில்லை. அப்போதும் போர்டைக் கைவிட்டு முங்காதீர்கள். 9 அடி போர்டும் அதே நீள லீஷும் சேர்ந்தால் உங்களுக்குப் பின்னால் 18 அடி வரைக்கும் ஆபத்து. அங்கே யாராவது குழந்தை இருக்கலாம். இது எல்லாருக்கும் பொதுவான கடற்கரை. குளிக்க வரும் குடும்பங்களும் தயவுசெய்து பாறைப் பக்கம் இறங்க வேண்டாம், குடாவின் உட்பக்க மணலில் குளியுங்கள்.

பழகுபவர்களுக்குக் காலை நேரமே நல்லது. கச்சான் காற்று தரையிலிருந்து கடலுக்கு வீசும்போது அலை ஒழுங்காக நிமிர்ந்து வரும், எங்கே உடையப்போகிறது என்று கண்ணுக்குத் தெரியும். இறங்குமுன் அரைமணி நேரமாவது கரையில் நின்று, யார் எந்த வழியாக உள்ளே போகிறார், எந்த வழியாக வெளியே வருகிறார் என்று பாருங்கள். பெரிய அலைகள் கூட்டமாக வரும். இடையில் ஓய்வும் இருக்கும். ஓய்வு நேரத்தைப் பார்த்துவிட்டு “இன்றைக்குக் கடல் சின்னதுதான்” என்று இறங்குகிறவர்களைப் பார்த்தால் எனக்குப் பயமாக இருக்கும்.

முருகைக்கல் கீறினால் சின்னக் காயம் என்று விடாதீர்கள். சுத்தமான தண்ணீரும் சவர்க்காரமும் போட்டு, துகள் எதுவும் உள்ளே இல்லாதபடி கழுவுங்கள். கடல் முள்ளெலி குத்தினால், தோல் பொறுக்கக்கூடிய சூட்டு நீரில் காலை வைத்திருப்பது வலியைக் குறைக்கும். மூட்டுக்குக் கிட்ட முள் ஏறியிருந்தால் வைத்தியரிடம் போய்விடுங்கள். ஏற்பு (டெட்டனஸ்) ஊசி போட்டு எத்தனை வருடம் என்றும் யோசியுங்கள். தலையில் அடிபட்டவருக்குக் கழுத்து வலித்தாலோ கைகால் விறைத்தாலோ தூக்கி உட்கார வைக்கவே கூடாது. தலையும் கழுத்தும் அசையாமல் பிடித்துக்கொண்டு, முகம் தண்ணீருக்கு மேலே இருக்கும்படி பார்த்துக்கொண்டு, 1990 இலக்கத்துக்கு அழைக்கச் சொல்லுங்கள். அம்புலன்ஸ் இலவசம்.