முதல் குரல் எழ ஏன் இவ்வளவு நேரமாகிறது?

மலேசியாவின் கேடிஎம் கொமுட்டர் ரயிலில் பெண்களுக்கென்று தனிப் பெட்டி 2010 முதல் இருக்கிறது. இளஞ்சிவப்பு அறிவிப்பு கண்ணுக்கு நேரே ஒட்டியிருக்கும். அப்படியும் கோலாலம்பூரின் கேஎல் சென்ட்ரல் நிலையத்தில் சில ஆண்கள் ஏறி உட்கார்ந்துகொள்கிறார்கள். பெட்டி நிறையப் பெண்கள் இருந்தும் பல நேரம் யாரும் வாய் திறப்பதில்லை. பயம் ஒரு காரணம். அதைவிட வலுவான இன்னொன்றும் உண்டு.

1968-இல் பிப் லடானே, ஜான் டார்லி என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் அறைக்குள் புகையை விட்டுப் பார்த்தார்கள். தனியாக இருந்தவர்களில் 75 விழுக்காட்டினர் எழுந்துபோய்ச் சொன்னார்கள். எதையும் கண்டுகொள்ளாதபடி ஏற்பாடு செய்யப்பட்ட இருவர் பக்கத்தில் இருந்தபோது, சொன்னவர்கள் 10 விழுக்காடுதான். ஒவ்வொருவரும் அடுத்தவர் முகத்தைப் பார்க்கிறார். அந்த முகம் அமைதியாக இருந்தால் ‘ஒன்றுமில்லை போல’ என்று முடிவு செய்கிறார். தன் முகமும் அப்படித்தான் அடுத்தவருக்குத் தெரிகிறது என்பது அவருக்குத் தோன்றுவதில்லை. ஒருவர் பேசிவிட்டால் இந்தப் பொய் அமைதி உடைகிறது.

கூட்டம் என்றாலே கல்மனம் என்று நான் நம்பவில்லை. ஆம்ஸ்டர்டாம், லங்காஸ்டர், கேப் டவுன் நகரங்களில் கேமராவில் பதிவான 219 தெருத் தகராறுகளை ஆராய்ந்தபோது, பத்தில் ஒன்பதில் யாராவது ஒருவர் குறுக்கிட்டிருந்தார். ஆள் கூடக் கூட அந்த வாய்ப்பும் கூடியது.

எப்படிப் பேசுவது? மொழியியலாளர்கள் பெனலோப் பிரவுனும் ஸ்டீபன் லெவின்சனும் மரியாதைப் பேச்சைப் பற்றிய தங்கள் கோட்பாட்டுக்குத் தமிழ்நாட்டுக் கிராமத்துப் பேச்சையும் சான்றாக எடுத்தார்கள். தன்மானத்தில் அடிவிழுந்தால் மனிதர் அதைக் காக்கத்தான் முதலில் பார்ப்பார். “அறிவில்லையா?” என்றால் சண்டை. “அண்ணே, இது லேடீஸ் கோச், பக்கத்துப் பெட்டிக்குப் போயிடுங்க” என்றால் எழுந்துபோக அவருக்கு ஒரு வழி கிடைக்கிறது.

கை வைப்பவனுக்கு இந்த மரியாதை தேவையே இல்லை. “கைய எடு!” என்று பெட்டி முழுக்கக் கேட்கச் சொல்ல வேண்டும், கேட்டவர்கள் எல்லாரும் அப்போதே சாட்சிகள்.

உதவி கேட்பதிலும் ஒரு முறை இருக்கிறது. 1975-இல் தாமஸ் மோரியார்ட்டி என்ற உளவியலாளர் நியூயார்க் கடற்கரையில், பக்கத்தில் இருந்தவர்கள் பார்க்க, ஒருவரை ஒரு ரேடியோவைத் திருடுவதுபோல நடிக்க வைத்தார். “கொஞ்சம் பார்த்துக்கொள்ளுங்கள்” என்று முன்பே கேட்டுக்கொள்ளப்பட்ட 20 பேரில் 19 பேர் தடுத்தார்கள். அப்படிக் கேட்கப்படாத 20 பேரில் 4 பேர்தான். ஆகவே ஆபத்தில் இருப்பவர் பொதுவாகக் கத்துவதோடு நிறுத்தாமல், “நீலச் சட்டை அங்கிள், இங்க வாங்க” என்று ஒருவரைப் பார்த்துக் கூப்பிட வேண்டும்.