ஏழை வீட்டுக்கு எந்தத் திருடன் வருவான்?

"உன் வீட்டில் அப்படி என்ன இருக்கிறது, திருடன் தேடி வர?" போன வாரமும் இதே கேள்வியை வாங்கிக் கட்டிக்கொண்டு ஒரு அக்கா நாகர்கோவிலில் என்னிடம் வந்தார். கேட்டது போலீஸ் மட்டுமில்லை, அவருடைய கூடப்பிறந்த அண்ணனும்தான். கிரிமினல் வழக்கு நடத்தும் எனக்கு இதைக் கேட்டுக் கேட்டு அலுத்துவிட்டது.

குலசேகரம் பக்கம் ரப்பர் பால் வெட்டும் குடும்பம். விடியுமுன் நெற்றியில் லைட்டைக் கட்டிக்கொண்டு கணவனும் மனைவியும் தோட்டத்துக்குப் போய்விடுவார்கள். வீட்டில் இரண்டு பெண்பிள்ளைகள். பின்கதவுத் தாழ்ப்பாள் கழன்று கிடக்கிறது, அம்மிக்கல்லை முட்டுக்கொடுத்திருக்கிறார்கள். வெட்டுக்குப் போகும்போது சங்கிலியைக் கழற்றி அரிசிப் பானைக்குள் போடுவது அக்காவின் வழக்கம். யாரோ கதவைத் தள்ளி நுழைந்து அதை எடுத்துப் போய்விட்டார்கள். ஒன்றரைப் பவுன். இப்போது பிள்ளைகள் இருட்டிய பிறகு வெளியிலுள்ள கழிப்பறைக்குக்கூடப் போவதில்லை.

இழக்க ஒன்றுமில்லாதவருக்கு என்ன பயம் என்கிறார்கள். ஒன்றுமில்லை என்று யார் சொன்னது? ஒன்றே ஒன்று இருக்கிறது, அதுதான் சிக்கல். இரண்டு பருவமழையும் அடிக்கிற மாவட்டம் இது. மழை பிடித்தால் வெட்டு நிற்கும், சங்கிலி அடகுக்குப் போகும். பள்ளிக்கூடம் திறந்தாலும் போகும். எப்படியாவது திருப்பிவிடுவார்கள். காம்பவுண்ட் சுவர் வைத்த வீட்டில் பத்துப் பவுன் போனால் லாக்கரில் மிச்சம் இருக்கும், கல்ஃபிலிருந்து மகன் பணம் அனுப்புவான். இங்கே போனால் அடுத்த மழைக்குக் கந்துவட்டிதான். பயப்படாமல் என்ன செய்வார்கள்?

இன்னொரு பயத்தை யாரும் கணக்கில் எடுப்பதே இல்லை. ஒட்டுப்பால், அதாவது மரத்தில் ஒட்டிக் காய்ந்த ரப்பர் பால், காணாமல் போனால் முதலில் சந்தேகப்படுவது வெட்டுகிறவரைத்தான். ஊருக்குப் புதிதாக வந்த வடமாநிலத் தொழிலாளி என்றால் கேட்கவே வேண்டாம். வாட்ஸ்அப்பில் போட்டோ போட்டு ஆளைப் பிடிக்கும் ஐயாமார்களே, சந்தேகத்தில் ஒருவரைக் கட்டிவைத்தால் ஓராண்டு வரை ஜெயில், உங்களுக்கு. கண்ணெதிரே பெரிய குற்றம் செய்தவரைப் பிடித்தாலும் ஆறு மணி நேரத்துக்குள் போலீசில் ஒப்படைக்க வேண்டும். கேமராவுக்குச் செலவழிக்கும் தோட்டக்காரர்கள் தொழிலாளி வீட்டுக்கு ஒரு தாழ்ப்பாளும் பல்பும் போட்டுக் கொடுத்தால் புண்ணியமாகப் போகும்.

சரி, புகாருக்கு வருவோம். 2024 ஜூலை 1 முதல் பழைய இந்திய தண்டனைச் சட்டத்துக்குப் பதில் புதுச் சட்டம், பாரதிய நியாய சன்ஹிதா. 5,000 ரூபாய்க்குக் குறைவான சாதாரணத் திருட்டு என்றால் மாஜிஸ்திரேட் உத்தரவில்லாமல் போலீஸ் விசாரிக்க முடியாது. (யாருக்கு அது சின்னத் தொகை என்று கேட்காதீர்கள், எனக்கும் கோபம் வருகிறது.) ஆனால் வீட்டுக்குள் புகுந்து எடுத்தால் தொகை எதுவானாலும் அந்தச் சட்டத்தின் 305ஆம் பிரிவு, ஏழாண்டு வரை தண்டனை. எஃப்.ஐ.ஆர். போட்டே ஆக வேண்டும். இத்தகைய குற்றங்களில் அது கட்டாயம் என்று உச்ச நீதிமன்றம் 2013லேயே சொல்லியாயிற்று.

சி.எஸ்.ஆர். ரசீதோடு திரும்பி வராதீர்கள், அது புகாரை வாங்கிக்கொண்டதற்கான சீட்டுதான், எஃப்.ஐ.ஆர். இல்லை. எழுத வராது என்றால் வாயால் சொல்லுங்கள், அவர்கள் எழுதி வாசித்துக் காட்ட வேண்டும். எஃப்.ஐ.ஆர். நகல் இலவசம், கேட்டு வாங்குங்கள். மறுத்தால் எஸ்.பி.க்கு ஸ்பீடு போஸ்ட், அதற்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட். வக்கீல் ஃபீஸ் நினைத்துத் தயங்க வேண்டாம். பெண்களுக்கு வருமானம் பார்க்காமல் சட்ட உதவி இலவசம், 15100க்குக் கூப்பிடுங்கள். அப்புறம், நகையையும் பில்லையும் அடகுச் சீட்டையும் இன்றைக்கே போனில் படம் எடுத்து வையுங்கள், தயவுசெய்து.