எடையில்லாத இரையை எறிவது எப்படி?

ஈயக்குண்டு கட்டிய தூண்டிலை வீசும்போது குண்டு முன்னே பறக்க, தங்கூசி அதன் பின்னால் இழுபட்டுச் செல்கிறது. ‘ஃப்ளை’ தூண்டிலில் நிலைமை தலைகீழ். முள்ளின்மேல் இறகும் முடியும் நூலும் சுற்றிச் செய்த போலிப்பூச்சிக்கு எடையே இல்லை எனலாம். கையால் விட்டெறிந்தால் காலடியிலேயே விழும். ஆகவே இங்கே எறியப்படுவது பூச்சியன்று, கயிறு. பிளாஸ்டிக் பூச்சுக் கொண்ட அந்தத் தடித்த கயிற்றின் முதல் 30 அடியின் எடையை வைத்தே அதற்கு எண் தருகிறார்கள்: 5ஆம் எண் ஏறத்தாழ 9 கிராம், 8ஆம் எண் ஏறத்தாழ 13.6 கிராம்.

கோலைப் பின்னே வீசி, கயிறு முதுகுக்குப் பின்னால் நீண்டு நிமிரும்வரை பொறுத்து, பிறகு முன்னே விரைவாகக் கொண்டுவந்து சட்டென்று நிறுத்த வேண்டும். கோல் நின்றதும் கயிறு கொண்டை ஊசிபோல் மடிகிறது. மடிப்பின் கீழ்ப்பகுதி கோல்நுனியோடு நின்றுவிட, மேற்பகுதி மட்டும் ஓடுகிறது. மடிப்பு நகர நகர ஓடும் பகுதியின் நீளமும் எடையும் குறைவதால், மிஞ்சிய இயக்க ஆற்றல் சிறிதளவு கயிற்றிலேயே குவிந்து, காற்றின் தடையையும் மீறி அதன் வேகத்தைக் காக்கிறது. பின்னே நிமிருமுன் அவசரப்பட்டு இழுப்பவருக்குச் சாட்டைச் சொடுக்கு கேட்கும். பூச்சி அறுந்து போயிருக்கும்.

கனடாவின் பிரிட்டிஷ் கொலம்பியாவில் இந்த இயற்பியல் நீருக்கு நீர் மாறுவதைப் பார்க்கலாம். கம்லூப்ஸ் பகுதியின் மேட்டுநில ஏரிகளில் வாழும் ரெயின்போ டிரௌட்டும், கடலுக்குச் சென்று பருத்து ஸ்கீனா போன்ற ஆறுகளுக்குத் திரும்பும் ஸ்டீல்ஹெட்டும் ஒரே இனம். (நீலகிரியில் ஆங்கிலேயர் காலத்தில் கொண்டுவந்து விட்ட ரெயின்போ டிரௌட்டும் இதுவே.) ஏரியில், கொசுவை ஒத்த, ஆனால் கடிக்காத ஒரு பூச்சியின் கூட்டுப்புழு மெல்ல மேலெழும், அதைப்போன்ற சிறு போலியை ஏறக்குறைய அசைக்காமலே வைத்திருக்க மெல்லிய கயிறு போதும்.

ஆற்றுக்குள் நுழைந்த ஸ்டீல்ஹெட் பெரும்பாலும் இரையெடுப்பதில்லை. இருந்தும் நீரோட்டத்தின் குறுக்கே வளைந்து செல்லும் பெரிய, பளிச்சென்ற போலியைப் பாய்ந்து கவ்வுகிறது. அதைச் சுமக்கக் கனத்த கயிறு வேண்டும். கரையிலோ காடு முதுகை உரசி நிற்கிறது, பின்வீச்சுக்கு இடமே இல்லை. இருகைக் கோல்காரர்கள் இதற்குக் கண்ட வழி எனக்கு மிகவும் பிடித்தது: கயிற்றை நீரிலிருந்து தூக்கி, நுனியை மட்டும் பக்கத்தில் நீர்மேல் படியவிட்டு, எஞ்சியதை அரைவட்டமாகப் பின்னே வளைக்கிறார்கள். பின்னே பறக்கும் முழுநீளக் கயிறு செய்ய வேண்டிய வேலையை, நுனியைப் பற்றிக்கொள்ளும் நீர்ப்பரப்பும் அந்த வளைவின் எடையும் செய்கின்றன. கோல் அவற்றை எதிர்த்து வளைந்து, நிமிரும்போது கயிற்றை முன்னே தள்ளுகிறது.

வான்கூவர் தீவின் கடற்கரையில், சிறுமீனைப்போன்ற வெள்ளைப் போலியைக் கோஹோ சால்மனுக்கு வீசுபவருக்கு இடத்துக்குக் குறைவில்லை; எதிர்க்காற்றுதான் தொல்லை. மடிப்பை எவ்வளவு குறுக்குகிறோமோ, காற்று தடுக்கும் பரப்பும் அவ்வளவு குறையும். அதற்குக் கோலின் நுனியை நேர்கோட்டில் நகர்த்தி நிறுத்த வேண்டும். நுனி வில்போல் வளைந்து சென்றால் மடிப்பு அகன்று, கயிறு எறிந்தவரின் முன்னாலேயே குவியலாக விழும்.