எஸ்டிகேயோடு வந்த விருந்தாளி

ரௌட்டர், கேமரா, கேட்வே போன்ற கருவிகளுக்கு லினக்ஸ் ஃபர்ம்வேர் (கருவிக்குள்ளேயே பதிந்திருக்கும் மென்பொருள்) கட்டுவது என் தொழில். ஒருமுறை வாடிக்கையாளர் ஒருவரின் கருவிக்குள், அதன் அமைப்புப் பக்கத்தை உலாவிக்கு அனுப்பும் 'போவா' என்ற வெப் சர்வர் ஓடிக்கொண்டிருந்தது. யார் சேர்த்தது என்று கேட்டேன். யாரும் இல்லை. சிப் தயாரிப்பாளர் தரும் மென்பொருள் தொகுப்பான எஸ்டிகேயோடு தானாக வந்து குடியேறியிருந்தது.

போவாவின் வளர்ச்சி 2005-லேயே நின்றுவிட்டது. இந்திய மின்கட்டமைப்பைக் குறிவைத்த ஊடுருவல்களில் தொடர்புடைய ஐபி முகவரிகளில் போவா ஓடும் கருவிகளைக் கண்டதாக 2022 நவம்பரில் மைக்ரோசாஃப்ட் எழுதியது. ஆனாலும் "அளவு சிறியது, ஓடுகிறது" என்ற பதிலைத்தான் இன்றும் கேட்கிறேன்.

சர்வரைப் பேக்கேஜ் செய்வது என்றால் கம்பைல் ஆகி, ஃபிளாஷில் இடம் பிடித்தால் போதும் என்று நினைக்கிறோம். எந்த வசதியைச் சேர்க்கிறோம், எதை விடுகிறோம் என்பதில்தான் பாதிப் பாதுகாப்பு இருக்கிறது. இதேபோன்ற இன்னொரு சிறிய வெப் சர்வரான கோஅஹெட்டில் 2017-இல் வெளியான ஓட்டையை எடுத்துக்கொள்ளுங்கள். 3.6.5-க்கு முந்தைய பதிப்புகளில், கோரிக்கையில் வரும் அளபுருக்கள், சிஜிஐ நிரலின் (பக்கத்தை உருவாக்க சர்வர் ஓடவைக்கும் தனி நிரல்) சூழல் மாறிகளாகவே, அதாவது அந்த நிரல் எப்படி ஓட வேண்டும் என்று சொல்லும் மதிப்புகளாகவே, மாறின. எந்த நிரல்கோப்பை முதலில் ஏற்ற வேண்டும் என்று லினக்ஸுக்குச் சொல்லும் 'எல்டி_பிரீலோட்' என்ற பெயரில் ஒன்றை அனுப்பி, தாக்குபவர் தன் நிரலை ஓடவைக்கலாம். சிஜிஐ இல்லாமல் கட்டியவர்களுக்கு இந்தத் தலைவலியே இல்லை. தேவையில்லாத வசதியை எதற்காக இயக்கி வைக்கிறோம்?

சர்வரை எல்லா உரிமையும் உள்ள 'ரூட்' பயனராகவே ஓடவிடுவது அடுத்த சோம்பல். வெப் கோரிக்கைகள் வரும் 80-ஆம் போர்ட்டைப் பிடிக்கத்தான் ரூட் வேண்டும். லைட்டிபிடி என்ற வெப் சர்வர் அதைப் பிடித்தபின் சாதாரணப் பயனராக இறங்கிவிடும். அமைப்புக் கோப்பில் ஒரு வரி போதும். அந்தப் பயனரைத் தொகுப்பிலேயே உருவாக்க, ஃபர்ம்வேர் கட்டும் கருவித்தொகுப்பான பில்ட்ரூட்டில் வழி உண்டு.

இணைப்பை மறையாக்கும் டிஎல்எஸ்-இன் ரகசியத் தனிச்சாவியை, எல்லாக் கருவிகளிலும் ஏற்றும் ஃபர்ம்வேர் இமேஜுக்குள் வைத்து அனுப்புபவர்களிடம் எனக்குக் கோபமே வரும். ஒரு கருவியைப் பிரித்தவர் கையில் அத்தனை கருவிகளின் சாவியும் போய்விடுகிறது. சாவியை ஒவ்வொரு கருவியும் முதன்முறை இயங்கத் தொடங்கும்போது உருவாக்குங்கள்; அதற்குமுன் போதிய என்ட்ரோபி (யாரும் ஊகிக்க முடியாத தற்செயல் தரவு) சேர்ந்ததா என்றும் பாருங்கள்.

அந்த வாடிக்கையாளருக்கு லைட்டிபிடியைப் போட்டுக் கொடுத்தோம். ஏற்கெனவே விற்றுப்போன கருவிகள்தான் சிக்கல். ஃபர்ம்வேரைப் புதுப்பிக்கும் ஒரே வழி, போவா காட்டும் அந்த அமைப்புப் பக்கமாகவே இருந்தது. கருவியை வாங்கியவர் தானே அந்தப் பக்கத்தைத் திறந்து புதிய கோப்பை ஏற்றினால்தான் உண்டு.