ஆஸ்திரேலியக் காலனிகளில் அரசு நில ஏலம்: புறநகர் மனையும் நாட்டுப்புற நிலமும் விற்கப்பட்ட விதிகள்

நியூ சவுத் வேல்ஸ் காலனியில் 1831 வரை நிலம் வேண்டுமென்றால் பெரும்பாலும் ஆளுநரின் தயவு வேண்டும். ராணுவ அதிகாரி, முதலோடு வந்த குடியேறி, தண்டனைக் காலம் முடிந்த கைதி என்று ஆள் பார்த்து மானியமாகக் கொடுப்பார்கள். அந்த ஆண்டு லண்டனிலிருந்து வந்த உத்தரவு இலவச மானியத்தை நிறுத்தியது. இனி அரசு நிலம் பொது ஏலத்தில் மட்டுமே விற்கப்படும். ஏக்கருக்கு 5 ஷில்லிங்குக்குக் (20 ஷில்லிங் ஒரு பவுண்டு) கீழே ஏலக் கேள்வி ஏற்கப்படாது. உத்தரவை அனுப்பியவர் காலனிச் செயலர் கோடெரிச் பிரபு. பின்னாளில் ரிப்பன் பிரபு ஆனதால் இதற்கு ரிப்பன் விதிகள் என்று பெயர். சென்னை ரிப்பன் மாளிகைக்குப் பெயர் தந்த வைஸ்ராய் இவருடைய மகன்.

விற்ற நிலம் யாருடையது என்பதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். 1835 ஜூனில் ஜான் பேட்மன் என்ற குடியேறி, பின்னாளில் மெல்பர்ன் எழுந்த போர்ட் பிலிப் பகுதியில் வுருண்ட்ஜெரி பழங்குடி மூத்தவர்களோடு நிலத்துக்காக ஓர் ஒப்பந்தம் செய்ததாகச் சொன்னார். அதே ஆண்டு ஆகஸ்டில் ஆளுநர் போர்க், பழங்குடிகளோடு தனியார் செய்யும் எந்த நில ஒப்பந்தமும் செல்லாது, அது மன்னரின் காலி நிலம் என்று பிரகடனம் செய்தார். பல்லாயிரம் ஆண்டுகளாக அங்கே வாழ்ந்தவர்களின் உரிமை ஒரே அறிவிப்பில் இல்லாமல் ஆக்கப்பட்டது. பின்னால் நடந்த ஏலங்கள் அத்தனையும் இந்தப் பறிப்பின் மேல்தான் நின்றன.

ஏலத்துக்கு வருமுன் நிலம் அளக்கப்பட்டிருக்க வேண்டும். அளந்தது கன்டர் (Gunter) சங்கிலி என்ற அளவுச் சங்கிலியால்: நீளம் 66 அடி, அதில் 100 லிங்க் (கண்ணி). நம் நில அளவைத் துறையிலும் இதே சங்கிலியும் லிங்க்கும்தான் புழங்கின. 80 சங்கிலி ஒரு மைல். நீளமும் அகலமும் 80 சங்கிலி என்றால் ஒரு சதுர மைல், அதாவது 640 ஏக்கர். நாட்டுப்புற நிலத்துக்கு ஏலத்தில் வழக்கமான துண்டு இதுதான். அதைவிடச் சிறியதாக வேண்டுமென்றால் காரணம் சொல்லித் தனியாக விண்ணப்பிக்க வேண்டும். அளவையாளர் மூலைகளில் இருந்த மரங்களில் பட்டையைச் செதுக்கி, அரசு முத்திரையான அம்புக்குறியையும் எண்ணையும் வெட்டிவைப்பார். மரம் காட்டுத் தீயில் எரிந்தாலோ யாராவது வெட்டினாலோ எல்லைத் தகராறு ஆரம்பம்.

எந்த நிலத்தை ஏலத்துக்குக் கொண்டுவர வேண்டும் என்று வாங்க நினைப்பவரே விண்ணப்பிக்கலாம். அரசு அதை அரசிதழில் அறிவிக்கும். ஏல நாளில் விண்ணப்பித்தவருக்கு எந்த முன்னுரிமையும் கிடையாது; அதிகம் கேட்டவருக்கே நிலம். கேட்டு முடித்ததும் அங்கேயே பத்தில் ஒரு பங்கு கட்ட வேண்டும். மீதிக்கு ஒரு மாதம் கெடு. கெடு தவறினால் முன்பணம் அரசுக்கு, நிலமும் கிடையாது. முழுப் பணமும் கட்டுகிறவரை நிலத்தில் கால்வைக்க முடியாது. பத்திரத்துக்கு 40 ஷில்லிங், பதிவுக்கு 5 ஷில்லிங் தனி. ஆண்டுக் குத்தகையாகப் பெயரளவுக்கு ஒரே ஒரு மிளகு, அதுவும் கேட்டால்தான். ஆனால் அந்தப் பத்திரத்திலேயே அரசு சிலவற்றைத் தனக்கென்று வைத்துக்கொண்டது: நிலத்தின் குறுக்கே சாலையும் பாலமும் போடும் உரிமை, அவற்றுக்கு வேண்டிய மரமும் கல்லும் எடுக்கும் உரிமை, தங்கம் வெள்ளிச் சுரங்கங்கள். வாங்கியவர் பலர் இதை நிலத்தின் நடுவே சாலை வந்த பிறகுதான் உணர்ந்தார்கள்.

ஏக்கர் விலை 1839 முதல் 12 ஷில்லிங் ஆனது. 1842-ல் பிரிட்டிஷ் நாடாளுமன்றம் இயற்றிய காலனி நில விற்பனைச் சட்டம் அதை ஒரு பவுண்டாக்கியது. ஒரு சதுர மைலுக்கு ஆரம்ப விலை 160 பவுண்டிலிருந்து 384, பிறகு 640. கடைசி விலையில் ஏல நாளன்றே 64 பவுண்டு, ஒரு மாதத்துக்குள் 576. அரசு கடன் தராது, தவணையும் தராது. விலையை ஏற்றியதற்கு எட்வர்ட் கிப்பன் வேக்ஃபீல்ட் என்ற ஆங்கிலேயரின் குடியேற்றக் கோட்பாடு பின்னால் இருந்தது: நிலம் மலிவாகக் கிடைத்தால் வந்திறங்கும் கூலியாள் உடனே சொந்த நிலம் வாங்கிக்கொண்டு போய்விடுவான், முதலாளிக்கு ஆள் கிடைக்காது, விலையை உயர்த்து, வரும் பணத்தில் இன்னும் கூலியாட்களைக் கப்பலேற்று. 1842 சட்டம் விற்பனை வருவாயில் பாதியைக் குடியேற்றச் செலவுக்கு ஒதுக்கியது. ஏழைக்கு எட்டாத விலை தற்செயலாக அமைந்ததில்லை, வேண்டுமென்றே வைக்கப்பட்டது. இதே ஒரு பவுண்டு விலை 1844-ல் இலங்கைக்கும் வந்தது. அங்கே அதுவரை 5 ஷில்லிங்தான். காப்பித் தோட்டங்களாக மாறிய மலைக் காடுகள் அந்த விலைக்கு ஏலம் போயிருந்தன.

1842 சட்டத்தின் இன்னொரு முக்கிய அம்சம் வகைப்பாடு. நகர மனை, புறநகர் மனை, நாட்டுப்புற நிலம் என்று மூன்று. நகர எல்லையிலிருந்து 5 மைலுக்குள் இருந்தால் பொதுவாகப் புறநகர். இந்தக் கோடு ஏன் முக்கியம்? நாட்டுப்புற நிலம் ஏலத்தில் போகாமல் நின்றுவிட்டால், பிறகு ஆரம்ப விலையைக் கட்டி நேரடியாக வாங்கிக்கொள்ளலாம். நகர, புறநகர் மனைகளுக்கு அந்த வழி கிடையாது. ஏலம் மட்டுமே, ஆரம்ப விலையையும் ஆளுநர் உயர்த்தி வைக்கலாம். ஆகவே 5 மைல் கோட்டுக்கு அந்தப் பக்கமா இந்தப் பக்கமா என்பதே பேரத்தில் பாதி.

புறநகர் ஏலம் எப்படிக் கெட்டுப்போகும் என்பதற்கு மெல்பர்னின் ஃபிட்ஸ்ராயைப் பார்க்கலாம். நகரின் நடுப்பகுதியை அளவையாளர் ராபர்ட் ஹாடில் ஒழுங்காகத் திட்டமிட்டார்: 10 சங்கிலிச் சதுரங்கள், பெரிய தெரு 99 அடி, சிறு தெரு 33 அடி, ஏறக்குறைய அரை ஏக்கர் மனைகள். 1837 ஜூனில் நடந்த முதல் ஏலத்தை நடத்தியவரும் அவரே. தமக்கும் இரண்டு மனைகளை 54 பவுண்டுக்கு எடுத்துக்கொண்டார். அளந்தவரே ஏலம் விட்டு அவரே வாங்குவதை இன்றைய எந்த விதியும் அனுமதிக்காது.

நகரத்தை ஒட்டிய நிலத்துக்கு இந்தக் கவனம் கிடைக்கவில்லை. 1838, 1839-ல் ஃபிட்ஸ்ராய், காலிங்வுட், ரிச்மண்ட் பக்கம் சுமார் 25 ஏக்கர் பங்குகளாக வெட்டி ஏலம் விட்டார்கள். தோட்டத்தோடு கூடிய வீடு கட்டுவார்கள் என்பது எதிர்பார்ப்பு. அரசுச் சாலை பங்குகளின் ஓரத்தோடு சரி. உள்ளே தெரு எப்படிப் போக வேண்டும், எவ்வளவு அகலம் என்று ஒரு நிபந்தனையும் இல்லை. வாங்கியவர்கள் பங்கைத் துண்டு துண்டாக்கித் தனியார் ஏலத்தில் மறுபடி விற்றார்கள். வந்தவர்களுக்கு விருந்தும் ஷாம்பெயினும் கொடுத்து, கடனுக்கு விற்ற காலம் அது. ஒருவர் விட்ட தெரு பக்கத்துப் பங்கில் முட்டி நின்றது. மனைகளைக் கூட்டிக்காட்டச் சந்துகளைக் குறுக்கினார்கள். வடிகாலை யாருமே யோசிக்கவில்லை. கடைசியில் ஃபிட்ஸ்ராய் தெருக்களை நேராக்க 1854-ல் தனிச் சட்டமே தேவைப்பட்டது. நம் ஊரில் அங்கீகாரம் இல்லாத லேஅவுட் போட்டு விற்ற பகுதிகளில் தெருவும் சாக்கடையும் படும் பாட்டை அறிந்தவர்களுக்கு இதன் காரணம் உடனே பிடிபடும்.

நாட்டுப்புற ஏலத்தில் கோளாறு வேறு மாதிரி. விண்ணப்பித்தவருக்கு முன்னுரிமை இல்லை என்ற விதியை வைத்தே ஒரு கூட்டம் பிழைத்தது. ஒருவர் மாதக்கணக்கில் அலைந்து, தண்ணீர் உள்ள இடமாகப் பார்த்து விண்ணப்பித்திருப்பார். ஏல நாளில் இந்த ஆசாமிகள் அருகில் வந்து, இவ்வளவு கொடுத்தால் போட்டிக்கு வரமாட்டோம், இல்லையென்றால் விலையை ஏற்றிவிடுவோம் என்பார்கள். வசதியானவர்கள் தங்களுக்குள் சிண்டிகேட் போட்டுக்கொண்டு ஆரம்ப விலைக்கே எடுப்பதும் நடந்தது. தொலைவும் ஒரு தடை: போர்ட் பிலிப் நிலங்கள் சில சிட்னியில் ஏலம் விடப்பட்டன. கடல்வழியாகப் போய்வர முடியாதவருக்கு அரசிதழ் அறிவிப்பால் என்ன பயன்?

இதற்கிடையே, குடியேற்ற எல்லைக்கு வெளியே 1836 முதல் ஆண்டுக்கு 10 பவுண்டு உரிமக் கட்டணம் கட்டினால் ஆயிரக்கணக்கான ஏக்கரில் ஆடு மேய்க்கலாம். ஒரு சதுர மைலுக்கு 640 பவுண்டு யார் கொடுப்பார்கள்? கம்பளியில் பணம் பண்ணியவர்கள் உரிமத்தோடு நிலத்தில் அமர்ந்துகொண்டார்கள். லண்டனில் பணம் கட்டி, ஏலமே இல்லாமல் வாங்கும் தனி ஏற்பாடும் சிறிது காலம் இருந்தது. 1841-ல் ஹென்றி டெண்டி இப்படி ஏக்கர் ஒரு பவுண்டு வீதம் 5,120 ஏக்கர் வாங்கினார். மெல்பர்னின் பிரைட்டன் பகுதி அதில்தான் உருவானது. ஏலம் விட்டால் பல மடங்கு கிடைக்கும் நிலம் இப்படிப் போகிறதே என்று ஆளுநர் கிப்ஸ் எதிர்த்தார். அவர் சொன்னது நியாயம்தான்.

1861-ல் நியூ சவுத் வேல்ஸில் ஜான் ராபர்ட்சன் கொண்டுவந்த சட்டங்கள் சாமானியருக்கு வேறு வழி திறந்தன: அளவை முடியுமுன்பே 40 முதல் 320 ஏக்கர் வரை தேர்ந்துகொள்ளலாம், ஏக்கர் ஒரு பவுண்டு, முதலில் கால் பங்கு கட்டினால் போதும். பெரிய மேய்ச்சல்காரர்கள் பினாமிகளை இறக்கி, ஓடைக்கரைகளை முந்திக்கொண்டு எடுத்தார்கள். அரசு ஏலமும் கூடவே நடந்துகொண்டிருந்தது.

மெல்பர்ன் இருக்கும் விக்டோரியா மாநிலத்தில் வசிப்பவர்கள் தங்கள் பகுதி முதலில் யாருக்கு விற்கப்பட்டது என்று பார்க்க விரும்பினால், மாநில ஆவணக் காப்பகத்திலும் மாநில நூலகத்திலும் பழைய பாரிஷ் (நில அளவைக்கான சிறு பிரிவு) வரைபடங்கள் உள்ளன. தேட ஊர்ப்பெயர் போதாது. பாரிஷ் பெயரும், அது அடங்கிய பெரிய பிரிவான கவுண்டியின் பெயரும் வேண்டும். ஃபிட்ஸ்ராய் என்றால் போர்க் கவுண்டி, ஜிகா ஜிகா பாரிஷ். ஒவ்வொரு பங்கிலும் எண், முதலில் வாங்கியவர் பெயர், பரப்பளவு எழுதியிருக்கும். பரப்பளவு மூன்று எண்களாக இருக்கும்: ஏக்கர், ரூட், பேர்ச். ஒரு ஏக்கருக்கு 4 ரூட், ஒரு ரூட்டுக்கு 40 பேர்ச். இலங்கைத் தமிழர்களுக்கு இந்தப் பேர்ச் பழக்கமானதுதான். இந்தியக் கணக்குக்கு மாற்ற வேண்டுமானால் 8 பேர்ச் 5 சென்ட்.